குரங்குகளின் தொற்றுநோய் ஆராய்ச்சி: வேலூர்ப் பக்கத்திலிருந்து போக வழி உண்டா?

சோளிங்கர் பெண் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். சென்னையில் கால்நடை மருத்துவம் இறுதியாண்டு படிக்கிறேன். சொந்த ஊர் சோளிங்கர். மலைக்குப் போனவர்களுக்குத் தெரியும், படிக்கட்டு முழுக்கக் குரங்குகள்தான். தேங்காய் மூடி, பழப்பை, கண்ணாடி எதையும் விடாது. அவற்றுக்கு என்னென்ன நோய் வருகிறது, அதில் எது நமக்குத் தாவுகிறது, நம்மிடமிருந்து எது அவற்றுக்குப் போகிறது என்பதையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொள்ள ஆசை. அப்பா, கால்நடை உதவி மருத்துவர் தேர்வு எழுதி அரசு வேலைக்குப் போகச் சொல்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, வீட்டில் நான்தான் மூத்தவள்.

நம் நாட்டில் இப்படி ஒரு துறை உண்மையாகவே இருக்கிறதா? எங்கள் படிப்பு போதுமா, இல்லை எம்பிபிஎஸ் படித்தவர்களுக்கு மட்டுமா? வேலூர்ப் பக்கம் இருந்துகொண்டே ஏதாவது தொடங்க முடியுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பாகாயம்வாசி எழுதியது:

அம்மா, நான் ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். தொற்றுநோய் ஆராய்ச்சிக்கு வேலூரை விடப் பழைய ஊர் தென்னிந்தியாவில் அதிகம் இல்லை.

மூளைக்காய்ச்சல் வந்த குழந்தைகளைப் பார்த்து, இது கொசு பரப்பும் வைரஸாக இருக்கலாம் என்று வட ஆற்காட்டில்தான் கண்டுகொண்டார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் முதலில் அடையாளம் காணப்பட்டது 1955-ல், வேலூரில். இங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியான சிஎம்சியின் குழந்தை மருத்துவர் வெப் அதைப் பற்றி அடுத்த வருடமே எழுதினார். அப்புறம் 1986. சென்னையில் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் எடுத்த ரத்த மாதிரிகளைச் சோதிக்க எலைசா என்ற ரத்தப் பரிசோதனை வசதி அங்கே இல்லை. ஐஸ் பெட்டியில் வைத்து ரயிலேற்றி இங்கேதான் கொண்டுவந்தார்கள். இந்தியாவில் எச்ஐவி இருக்கிறது என்று முதலில் தெரிந்தது அந்த மாதிரிகளில். எச்ஐவியே குரங்கினத்திலிருந்து மனிதனுக்கு வந்தது என்பதால் உன் கேள்விக்கும் இதற்கும் நேரான தொடர்பு உண்டு.

சிஎம்சியின் வைரஸ் நிபுணர் ஜேக்கப் ஜான் சார் வட ஆற்காடு மாவட்டத்துக்கென்று ஒரு நோய்க் கண்காணிப்பு முறையை உண்டாக்கினார். டாக்டர்கள் தாங்கள் பார்த்த சந்தேகமான நோயை அஞ்சலட்டையில் எழுதிப் போட்டுவிடுவார்கள். கம்ப்யூட்டர் பரவாத காலம். எந்தத் தாலுகாவில் எந்தக் காய்ச்சல் ஏறுகிறது என்று அந்த அட்டைகளை வைத்தே தெரிந்துகொள்ள முடிந்தது. குரங்கு ஆராய்ச்சிக்கும் அடிப்படை அதுதான்: எங்கே, எப்போது, எத்தனை என்பதைக் கவனமாக எழுதி வைப்பது.


ஆற்காடு அப்பா எழுதியது:

பெண்ணின் அப்பா சார்பில் பேசுகிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். என் மகன் நுண்ணுயிரியல் எம்எஸ்சி முடித்து ஆராய்ச்சி என்று போனான். ஒரு நிறுவனத்தில் புராஜெக்ட் வேலை. உதவித்தொகை மாதக்கணக்கில் வராமல் இருந்தது, கேட்டால் நிதி வரவில்லை என்பார்கள். வீட்டிலிருந்து நாங்கள்தான் அனுப்பினோம். வரலாறு பெருமையாக இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். மாதம் எவ்வளவு வரும், எத்தனை வருடம் ஆகும், முடித்தபின் எங்கே வேலை? இதைச் சொல்லாமல் பிள்ளைகளை உற்சாகப்படுத்துவது சரியில்லை.


குடியாத்தம் ஆராய்ச்சியாளர் எழுதியது:

சார் கேட்டது சரியான கேள்வி. நான் குடியாத்தம். உயிர்வேதியியல் படித்து, பிஎச்டி முடித்து, இப்போது வெளிநாட்டில் குரங்கினங்களின் ஒட்டுண்ணிகளைப் பற்றி வேலை செய்கிறேன்.

முதலில் பணம். தேசிய அளவில் ஜேஆர்எஃப் எனும் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகைத் தேர்வில் வென்றால் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000. 2023 ஜனவரியிலிருந்து இதுதான் தொகை, வீட்டு வாடகைப் படி தனி. பிஎச்டிக்கு ஐந்து வருடம் என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு இரண்டு மூன்று இடங்களில் போஸ்ட்டாக் எனும் தற்காலிக ஆராய்ச்சி வேலை, பெரும்பாலும் ஒன்று வெளிநாட்டில். நிரந்தர விஞ்ஞானி வேலை கிடைக்கும்போது வயது முப்பத்தைந்தைத் தாண்டிவிடும். புராஜெக்ட் சம்பளம் தாமதமாவதும் உண்மை. அதனால்தான் சொந்தமாக ஃபெலோஷிப் வாங்கிக்கொண்டு ஒரு ஆய்வகத்துக்குள் போங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். பணம் உங்கள் பெயரில் வந்தால் வழிகாட்டியை நம்பி நிற்க வேண்டியதில்லை.

இரண்டாவது, துறை இருக்கிறதா என்பது. இருக்கிறது, ஆனால் அந்தப் பெயரில் ஒரு பட்டமும் இல்லை. குரங்கு நோய் ஆராய்ச்சியாளர் என்று யாரையும் வேலைக்கு எடுப்பதில்லை. வைராலஜிஸ்ட், ஒட்டுண்ணி நிபுணர், பூச்சியியலாளர், காட்டுயிர் மருத்துவர், நோய்ப்பரவலியலாளர் என்று பல பேர் வந்து ஒரே காட்டில் சேர்கிறார்கள்.

நம் நாட்டிலேயே இதற்கு முழுமையான உதாரணம் கியாசனூர் காட்டு நோய். 1957-ல் கர்நாடகாவின் ஷிமோகா மாவட்டத்தில் அந்தக் காட்டில் மந்திகள் செத்து விழுந்தன. அதே நேரம் பக்கத்துக் கிராமங்களில் கடும் காய்ச்சல். புனேயில் இருந்த வைரஸ் ஆராய்ச்சி மையத்திலிருந்து குழு போயிற்று. இந்தியாவில் இல்லாத மஞ்சள் காய்ச்சல் வந்துவிட்டதோ என்ற பயம் முதலில். ஆராய்ந்தபோது அது ரஷ்யாவில் உண்ணிகள் பரப்பும் மூளைக்காய்ச்சல் வைரஸின் உறவு என்று தெரிந்தது. டெல்ஃபோர்டு வொர்க் டாக்டர், ராமச்சந்திர ராவ் பூச்சியியலாளர். குரங்கின் உடலை ஒருவர் பார்க்க, தரையில் இலைச் சருகில் உண்ணி பொறுக்க ஒருவர், கிராமத்தில் காய்ச்சல் கணக்கெடுக்க இன்னொருவர். இந்த மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் விடை வந்திருக்காது. குரங்கு சாகும்போது அதன் உடலில் இருக்கும் உண்ணிகள் இறங்கி அந்த இடத்திலேயே சிதறுகின்றன. அந்தப் பக்கம் விறகுக்குப் போகிறவரைக் கடிக்கின்றன. ஆகவே செத்த குரங்கு என்பது ஊருக்கு வந்த முன்னறிவிப்பு. இன்றும் அந்தப் பகுதிகளில் குரங்குச் சாவைப் பதிவு செய்வதுதான் கண்காணிப்பின் முதல் படி. பழைய தடுப்பூசி 2022-ல் நிறுத்தப்பட்டுவிட்டது, புதியதற்கு வேலை நடக்கிறது. ஆக, அறுபது வருடத்துக்கு மேல் தெரிந்த ஒரு நோயிலேயே இன்னும் இவ்வளவு வேலை பாக்கி இருக்கிறது.


எம்பிபிஎஸ் மாணவன் எழுதியது:

அக்கா, நான் மூன்றாம் வருடம். எங்களுக்கு இதில் இடம் உண்டா? எம்டி எதில் செய்வது?


குடியாத்தம் ஆராய்ச்சியாளர் எழுதியது:

உண்டு தம்பி. பீட்ரிஸ் ஹான் ஜெர்மனியில் மருத்துவம் படித்தவர். அமெரிக்காவில் ராபர்ட் காலோவின் ஆய்வகத்துக்குப் போய் எச்ஐவி சேர்ந்த ரெட்ரோவைரஸ் குடும்பத்தைப் பற்றிக் கற்றுக்கொண்டார். எச்ஐவி-1 மேற்கு மத்திய ஆப்பிரிக்காவின் சிம்பன்சிகளில் இருக்கும் வைரஸிலிருந்து வந்தது என்று 1999-ல் அவருடைய குழு காட்டியது. ஆனால் அது கூண்டிலிருந்த விலங்குகளை வைத்துச் சொன்னது. காட்டில் இருக்கிற சிம்பன்சியின் ரத்தத்தை எடுப்பது எப்படி? எடுக்கவில்லை. சாணத்தைச் சேகரித்தார்கள். அதில் வைரஸுக்கு எதிரான ஆன்டிபாடியும் வைரஸின் மரபுப்பொருளும் இருக்கிறதா என்று பார்க்கும் முறையை உருவாக்கினார்கள். 2006-ல் தென்கிழக்குக் கேமரூனில் எந்தக் கூட்டங்களில் அந்த வைரஸ் இருக்கிறது என்பது வரை போய்விட்டார்கள். அதே சாண மாதிரிகளில் மலேரியா ஒட்டுண்ணியைத் தேடியபோது, மனிதரைக் கொல்லும் ஃபால்சிபாரம் கொரில்லாவிலிருந்து வந்தது என்று 2010-ல் தெரிந்தது. ஒரே ஃப்ரீசரில் இருந்த மாதிரி, இரண்டு பெரிய விடைகள். ஒரு மருத்துவர் செய்த வேலை இது.

நீங்கள் எம்டி மைக்ரோபயாலஜி செய்யலாம், சமூக மருத்துவமும் செய்யலாம். எனக்குப் பிடித்தது முதலாவது, ஏனென்றால் ரத்தம் தடவிய கண்ணாடிச் சில்லை நுண்ணோக்கியில் பார்த்துப் பழகியவர்களுக்கு இயல்புக்கு மாறானது சட்டென்று உறைக்கும். போர்னியோவில் நடந்ததைப் பாருங்கள். சரவாக்கில் கபிட் என்ற இடத்தில் நுண்ணோக்கியில் பார்த்தால் எல்லாம் 'மலேரியே' என்ற ஒட்டுண்ணி வகையின் மலேரியாவாகத் தெரிந்தது. ஆனால் அந்த வகை சாதாரணமாக அவ்வளவு கடுமையாக வராது, ரத்தத்தில் அவ்வளவு ஒட்டுண்ணியும் இருக்காது. பல்பீர் சிங்கும் ஜானட் காக்ஸ்-சிங்கும் மரபுப்பொருளைத் தேடும் பிசிஆர் சோதனை செய்து பார்த்தார்கள். 208 நோயாளிகளில் 120 பேருக்கு இருந்தது நோலெசி, அதாவது குரங்கு மலேரியா. 2004-ல் வெளிவந்தது. அந்த ஒட்டுண்ணியை 1930-களின் தொடக்கத்தில் கல்கத்தாவில் ஒரு குரங்கில் கண்டு விவரித்தவர்கள் நோல்ஸும் தாஸ் குப்தாவும். மனிதருக்கு இயற்கையாக வந்ததாக 1965-லேயே ஒரு பதிவு உண்டு, அது அபூர்வம் என்று விட்டுவிட்டார்கள். நோயாளியின் படுக்கையருகே எழுந்த சந்தேகம்தான் அதைத் திரும்ப வெளியே கொண்டுவந்தது.


ஜீவகாருண்யம் எழுதியது:

எல்லோரும் கண்டுபிடிப்பைப் பேசுகிறீர்கள், குரங்கைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. போலியோ தடுப்பூசி தயாரிப்பதற்காக இந்தியாவிலிருந்து கப்பலிலும் விமானத்திலும் லட்சக்கணக்கான ரீசஸ் குரங்குகள் போயின. மொரார்ஜி தேசாய் காலத்தில் 1978-ல்தான் ஏற்றுமதி நின்றது. 1927-ல் ஆப்பிரிக்காவில் மஞ்சள் காய்ச்சலை ஆராய்ந்தவர்களும் நம் ஊர்க் குரங்குகளுக்குத்தான் நோயைக் கொடுத்துப் பார்த்தார்கள். வாயில்லாத ஜீவனுக்கு வேண்டுமென்றே நோய் கொடுப்பதை ஒரு பெண் பிள்ளை தொழிலாகத் தேர்ந்தெடுக்க வேண்டுமா? வள்ளலார் பிறந்த மண் இது.


குடியாத்தம் ஆராய்ச்சியாளர் எழுதியது:

அய்யா, நீங்கள் சொன்ன வரலாறு முழுக்க உண்மை. அதை மறைத்துவிட்டு இந்தத் துறைக்குள் யாரையும் கூப்பிடக் கூடாது.

இன்றைக்கும் அது முற்றாக நிற்கவில்லை. 2020-ல் கோவாக்சின் சோதனைக்கு 20 ரீசஸ் குரங்குகளைப் பயன்படுத்தினார்கள், புனே வைராலஜி நிறுவனத்தில். அன்று லட்சங்கள், இந்த ஒரு சோதனைக்கு இருபது. விலங்கு நெறிமுறைக் குழு ஒப்புதல் இல்லாமல் ஒன்றைக்கூடத் தொட முடியாது. அமெரிக்க அரசின் சுகாதார நிறுவனம் சிம்பன்சிகளை ஆய்வுக்கு வைத்திருப்பதை 2015-ல் நிறுத்தியது. கூண்டுக்குள் நடக்கும் வேலை வேண்டாம் என்று ஒருவர் முடிவெடுத்தால் அதற்குத் துறையில் முழு இடம் இருக்கிறது. நான் அப்படித்தான் வேலை செய்கிறேன்: சாணம், கீழே விழுந்த பழத்தில் ஒட்டிய எச்சில், தானியங்கிக் கேமரா.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். இந்த ஆராய்ச்சி இல்லையென்றால் குரங்குகளைக் காப்பாற்றவும் முடியாது. 1996-ல் உகாண்டாவின் பிவிண்டி காட்டுக் கொரில்லாக்களுக்குச் சிரங்கு வந்தது. முடி கொட்டி, குட்டி ஒன்று செத்தும் போயிற்று. அதை ஆராய்ந்தவர் அந்த நாட்டின் முதல் காட்டுயிர் மருத்துவர் கிளாடிஸ் கலெமா-சிகுசோகா. நோய் பக்கத்து ஊர் மக்களிடமிருந்து வந்திருக்கிறது என்று பார்த்து, கொரில்லாவைக் காக்க வேண்டுமானால் முதலில் அந்த மக்களுக்கு மருத்துவ வசதி வேண்டும் என்று அதற்கே ஒரு அமைப்பைத் தொடங்கினார். சோளிங்கர் தங்கை, அவரும் கால்நடை மருத்துவம் படித்தவர்தான்.


பாகாயம்வாசி எழுதியது:

இதைப் படித்ததும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. கரிகிரி தொழுநோய் மையத்தை எல்லோருக்கும் தெரியும், 1955-லிருந்து இருக்கிறது. தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களுக்குப் பால் பிராண்டு அறுவை சிகிச்சை செய்து நேராக்கியது வேலூரில்தான். தொழுநோய் மனிதருக்கு மட்டுமே என்று நாங்கள் படித்தோம். 2021-ல் ஆப்பிரிக்காவில் காட்டுச் சிம்பன்சிகளுக்கே தொழுநோய் இருப்பதாக நேச்சர் இதழில் வந்தது. கினி-பிசாவிலும் ஐவரி கோஸ்ட்டிலும். கேமராவில் முகம் முழுக்கக் கட்டிகளோடு ஒரு விலங்கு; நம் பழைய நோயாளிகளின் முகம் அப்படியே. மனிதர்கள் அதிகம் அணுகாத கூட்டத்திலும் இருந்தது என்பதால், எங்கிருந்து வந்தது என்பது இன்னும் திறந்த கேள்வி. தொழுநோயை இத்தனை வருடம் பார்த்த நம் ஊர் ஆட்கள் ஏன் இதில் கைவைக்கக் கூடாது?


ஒடுகத்தூர் கால்நடை மருத்துவர் எழுதியது:

அரசு கால்நடை மருத்துவராக இருக்கிறேன். அந்தப் பெண்ணின் அப்பாவுக்கு ஒரு வார்த்தை. அவர் சொல்கிற வேலையும் மகள் கேட்கிற வேலையும் எதிரெதிர் இல்லை. ஊருக்குள் குரங்கு செத்தால், மலையடிவாரத்தில் மான் செத்தால், வனத்துறை பிரேதப் பரிசோதனைக்குக் கூப்பிடுவது எங்களைத்தான். எந்த விஞ்ஞானியையும் விட முதலில் அந்த உடலைப் பார்ப்பது நாங்கள். பிரச்சினை என்னவென்றால், பார்த்ததை முறையாக எடுத்து அனுப்பும் ஆட்கள் குறைவு. விபத்து, மின்சாரம், நாய்க்கடி என்று எழுதி முடித்துவிடுவது வழக்கம். மண்ணீரல், கல்லீரல், மூளை, உடலில் இருந்த உண்ணிகள் எல்லாம் சரியான குப்பியில் குளிரில் போயிருந்தால் எவ்வளவு தெரிந்திருக்கும்.

ஒரு எச்சரிக்கையும். அடைப்பான், அதாவது ஆந்த்ராக்ஸ் சந்தேகம் இருந்தால் உடலை அறுக்கவே கூடாது, திறந்தால் கிருமி காற்றுப் பட்டு வித்தாக மாறி மண்ணில் பல வருடம் கிடக்கும். ஆட்டு மந்தையில் இதை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். 2001, 2002-ல் ஐவரி கோஸ்ட்டில் 'தாய்' (Taï) என்ற பெயருள்ள காட்டில் சிம்பன்சிகள் திடீர் திடீரென்று செத்தபோது காரணம் அடைப்பானைப் போன்ற கிருமிதான் என்று கண்டுபிடித்தவர் ஃபேபியன் லீன்டர்ட்ஸ், அவரும் நம்மைப் போல் கால்நடை மருத்துவர். நம் ஊர் ஆட்டுக்குப் படித்த பாடம் அந்தக் காட்டில் உதவியது.


சோளிங்கர் பெண் எழுதியது:

எல்லோருக்கும் மிகவும் நன்றி. அப்பாவிடம் இந்த இழையைப் படித்துக் காட்டினேன். ஒடுகத்தூர் சார் எழுதியதை இரண்டு முறை படிக்கச் சொன்னார். அக்கா, மேற்படிப்பு எதில் எடுக்கட்டும்? காட்டுயிர் அறிவியலா, நுண்ணுயிரியலா? காட்டில் வேலை என்றால் பெண்ணுக்குப் பாதுகாப்பு எப்படி என்பது அம்மாவின் கேள்வி.


ஆற்காடு அப்பா எழுதியது:

காட்டை விடுங்கள், குரங்கு கடித்தால் என்ன செய்வது என்பதையும் சொல்லுங்கள். அதுதான் எனக்குப் பயம்.


குடியாத்தம் ஆராய்ச்சியாளர் எழுதியது:

அம்மாவுக்கு முதலில். யாரும் தனியாகக் காட்டுக்குப் போவதில்லை. வனத்துறை அனுமதி, கூட ஒரு வனக்காவலர் அல்லது உள்ளூர் வழிகாட்டி, மாலைக்கு முன் திரும்புவது, இதெல்லாம் விதி. காட்டுயிர் பாதுகாப்புச் சட்டப்படி தலைமை வனஉயிரினக் காப்பாளரின் அனுமதி இல்லாமல் மாதிரி எடுக்கவே முடியாது, அந்தக் காகிதம் வருவதற்கே மாதங்கள் ஆகும். காட்டில் இருக்கும் காலம் வருடத்தில் கொஞ்சம். மீதி நாள் ஆய்வகத்தில் பிசிஆர், கணினியில் மரபு வரிசைகள், அப்புறம் நிதி கேட்டு எழுதும் விண்ணப்பங்கள். காட்டு வேலை மட்டுமே பிடித்து வந்தவர்கள் பாதியில் போய்விடுகிறார்கள். தங்கை, அதை இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

சார் கேட்ட கடி. குரங்கு கடித்தாலும் கீறினாலும் சோப்பும் ஓடும் தண்ணீரும் வைத்துப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது. நேராக மருத்துவமனை, ரேபிஸ் ஊசி. இந்த வேலைக்கு வருகிறவர்கள் முன்கூட்டியே ரேபிஸ் தடுப்பூசி போட்டுக்கொள்வார்கள். ரீசஸ் போன்ற மகாக் வகைக் குரங்குகளில் ஹெர்பிஸ் பி என்று ஒரு வைரஸ் உண்டு. அவற்றுக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது. மனிதருக்கு வருவது அபூர்வம், வந்து சிகிச்சை தாமதமானால் உயிர் போகும். 1932-ல் குரங்கு கடித்து இறந்த பிரெப்னர் என்ற மருத்துவரின் பெயரிலிருந்துதான் அந்த பி. அதனால் கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் குரங்கின் அருகே போகக் கூடாது. முகக்கவசம் அவற்றுக்காகவும்தான், நம் சளிக் கிருமியால் சிம்பன்சிகள் செத்த இடம் அதே தாய் காடு.

மேற்படிப்பு: நுண்ணுயிரியலோ கால்நடைப் பொதுச் சுகாதாரமும் நோய்ப்பரவலியலுமோ எடுங்கள். காட்டுயிர் அறிவியல் நல்ல படிப்பு, ஆனால் ஆய்வகக் கை இல்லாமல் காட்டுக்குப் போனால் மாதிரி எடுத்து வேறொருவருக்குக் கொடுக்கும் ஆளாகவே நின்றுவிடுவீர்கள் என்பது என் எண்ணம். காட்டை எப்போது வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம். உண்ணி, கொசு பக்கம் ஆர்வம் வந்தால் புதுச்சேரியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் நோய்ப்பரப்பி ஆராய்ச்சி மையம் இருக்கிறது. குரங்கின் நடத்தையும் கூட்டக் கணக்கும் கற்றுக்கொள்ள ஆனைகட்டியில் சாலிம் அலி மையம்.


ஒடுகத்தூர் கால்நடை மருத்துவர் எழுதியது:

இதில் ஒன்று மட்டும் ஒத்துக்கொள்ள முடியவில்லை. காட்டுயிர் அறிவியல் படித்தவர்களுக்கு மயக்க ஊசி போடத் தெரியும், உயிரோடு இருக்கும் விலங்கைக் கையாளத் தெரியும். ஆய்வகத்தில் ஆள் நிறைய, அந்தக் கை உள்ளவர்கள்தான் குறைவு. இரண்டில் எது மகளுக்கு இயல்பாக வருகிறதோ அதை எடுக்கட்டும். வண்டலூரில் வனத்துறையின் உயர்நிலைக் காட்டுயிர்ப் பாதுகாப்பு நிறுவனம் உங்கள் கல்லூரிக்குப் பக்கம்தான், விடுமுறையில் அங்கே சில வாரம் பயிற்சி கேட்டுப் பார்க்கட்டும். முடிவு தானாகத் தெரியும்.


எம்பிபிஎஸ் மாணவன் எழுதியது:

இங்கே வார்டில் மழைக்காலம் முடிந்தால் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் நோயாளிகள் வரிசையாக வருகிறார்கள். சிற்றுண்ணி கடித்த இடத்தில் கருகின புண். டாக்சிசைக்ளினும் அசித்ரோமைசினும் சேர்த்துக் கொடுத்தால் நல்லது என்று 2023-ல் வந்த ஆய்வு இங்கே சிஎம்சி தலைமையில் நடந்ததுதான். நம் மலைகளில் உண்ணியையும் சிற்றுண்ணியையும் குரங்கோடு சேர்த்து ஒருவர் பார்த்தால் நன்றாக இருக்கும். சோளிங்கர் அக்கா, நீங்கள் விலங்கைப் பாருங்கள், நான் நோயாளியைப் பார்க்கிறேன்.


சோளிங்கர் பெண் எழுதியது:

கண்டிப்பாகத் தம்பி. வண்டலூருக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறேன். உதவி மருத்துவர் தேர்வும் எழுதப் போகிறேன், ஜேஆர்எஃப் தேர்வும் எழுதப் போகிறேன். எது முதலில் வருகிறதோ பார்க்கலாம் என்று அப்பாவும் சம்மதித்துவிட்டார். குடியாத்தம் அக்கா, பிரேதப் பரிசோதனையில் எடுக்கும் மாதிரியை வைரஸுக்கு எந்தத் திரவத்தில் வைப்பது, அறை வெப்பத்தில் எவ்வளவு நேரம் தாங்கும் என்று கொஞ்சம் விளக்குவீர்களா?


குடியாத்தம் ஆராய்ச்சியாளர் எழுதியது:

நல்ல கேள்வி, தனி இழையே போடலாம். சுருக்கமாக: மரபுப்பொருள் மட்டும் வேண்டுமானால் ஆர்என்ஏவைக் காக்கும் திரவத்தில் சின்னச் சின்னத் துண்டாக, அரை சென்டிமீட்டருக்கு மேல் தடிமன் வேண்டாம், பெரிய துண்டென்றால் திரவம் உள்ளே போகாது. வைரஸை உயிரோடு வளர்க்க வேண்டுமானால் வேறு திரவம், ஐஸ் கட்டாயம், அது உயர் பாதுகாப்பு ஆய்வகத்துக்கு மட்டும். திசுப் பரிசோதனைக்கு ஃபார்மலின். ஃபார்மலினில் போட்டதில் வைரஸ் வளராது, அதனால் மூன்று குப்பி தனித்தனி. குப்பியின் உடம்பில் பென்சிலால் எழுதிய சீட்டு ஒட்டுங்கள், மூடியில் எழுதாதீர்கள். மூடிகள் மாறிப்போகும். உண்ணிகளைப் பொறுக்கி எண்பது சதவீத ஆல்கஹாலில் இன்னொரு குப்பி. தேதி, இடம், எந்த விலங்கு, குட்டியா பெரியதா, சாகும் முன் எப்படி இருந்தது என்று ஊர்க்காரர் சொன்னது, எல்லாம் நோட்டில். மீதியைப் புது இழையில் எழுதுகிறேன், ஒடுகத்தூர் சாரும் வந்து சேர்த்துச் சொல்லட்டும்.